குறட்டையை அந்தக் கணக்கில் எழுதாதீர்கள்

கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் பக்கம் சிபி என்கிற பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம், தசை பலவீனம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் அம்மா அப்பாக்களுக்கும், அவர்களோடு சேர்ந்து ராத்திரி விழித்திருக்கும் பாட்டி தாத்தாக்களுக்கும்,



நான் பிசியோதெரபிஸ்ட். உங்களில் பலர் தெரபி முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள். சிலருடைய வீட்டுக்கே நான் வந்திருக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் உங்களிடம் கேட்கும் கேள்விகள் உங்களுக்கு மனப்பாடம். கழுத்து நின்றதா, தானாக உட்காருகிறானா, ஃபிட்ஸ் வந்ததா, கஞ்சி இறங்குகிறதா, வயிறு போகிறதா. ராத்திரியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நீங்களாகச் சொன்னாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள்: "நல்லாத் தூங்குறான் டாக்டர், குறட்டை விட்டுத் தூங்குறான்."

அந்தக் குறட்டையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தொண்டையை விரித்து வைத்திருப்பது எலும்பு இல்லை, தசை. தூங்கியதும் எல்லோருக்கும் அந்தத் தசை தளரும். ஆனாலும் காற்று போக வழி இருக்கும். சிபி பிள்ளைகளுக்குக் கை கால் விறைப்பாக இருந்தாலும் தொண்டைத் தசை தொய்வாக இருக்கலாம். நாக்கு பின்னால் சரியும். சிலருக்குக் கீழ்த்தாடை சிறியது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு முகத்தின் நடுப்பகுதி சிறியதாக இருப்பதால் நாக்குக்கு இடம் போதாது. உடம்பு முழுக்கத் தசைத் தொய்வும் உண்டு. இதற்கு மேல் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்கிற சதையும். இரண்டு வயதிலிருந்து எட்டு வயதுவரை, தொண்டையின் அளவோடு வைத்துப் பார்த்தால் இந்த இரண்டும் மிகப் பெரிதாகத் தெரியும் காலம். இளநீர்க் கடையில் நமுத்துப்போன காகித ஸ்ட்ராவை உறிஞ்சினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளுமே, அதுதான் ராத்திரி உள்ளே நடக்கிறது. பிள்ளை மூச்சை இழுக்க இழுக்க வழி இன்னும் மூடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பாதி விழித்து ஒரு உலுக்கு உலுக்கும். மூச்சு வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. விடிய விடிய இப்படிப் போனால் அந்தப் பிள்ளை எட்டு மணி நேரம் படுத்திருந்ததே தவிர, தூங்கவில்லை.

மறுநாள் தெரபிக்கு வந்தால் துவண்டு கிடக்கும், இல்லையென்றால் சிணுங்கிக்கொண்டே இருக்கும். எடை ஏறாது, மூச்சு இழுக்கவே சாப்பிட்டதெல்லாம் செலவாகிறது. தூக்கம் கெட்டால் ஃபிட்ஸ் கூடும் என்பது உங்களுக்கே தெரியும். வருடக்கணக்கில் விட்டால் இதயத்தின் வலது பக்கத்துக்குச் சுமை ஏறும். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயமில்லை.

இவ்வளவும் கண்முன்னே நடந்தும் ஏன் தப்பிவிடுகிறது? ஏனென்றால் துவண்டு கிடப்பதும் சிணுங்குவதும் எடை ஏறாததும் ஃபிட்ஸும் ஏற்கெனவே ஒரு பெயரில் எழுதப்பட்டுவிட்டன. "சிபி பிள்ளைன்னா அப்படித்தான் இருக்கும்." வீட்டில் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், சில டாக்டர்களும் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். இதே ஊரில் ஒரு காலத்தில் சிபி பிள்ளைக்குப் படிப்பு வராது என்பதும் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருந்தது. 1972-ல் மிது ஆலூர் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கி அந்த வரியை அடித்தார். படிப்புக்கு நடந்தது தூக்கத்துக்கு இன்னும் நடக்கவில்லை.

உங்கள் பிள்ளைகளில் சிலர் குறைமாதத்தில் பிறந்து சயான் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தவர்கள். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கியை டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989-ல் தொடங்கியது அங்கேதான். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய மூச்சை, ஆறு வயதில் ஒரு டான்சில் அடைக்கிறது என்றால் கேட்காமல் விடலாமா?

ராத்திரி என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். குறட்டைக்கு நடுவே திடீரென்று சத்தம் நின்று, பிறகு திணறி ஒரு மூச்சு. பெரியவர்களுக்குப் பத்து நொடி நின்றால்தான் கணக்கு. பிள்ளைகளுக்கு இரண்டு மூச்சு தவறினாலே கணக்கு. அதனால் மனசுக்குள் பத்து எண்ணிக்கொண்டு காத்திருக்காதீர்கள். நெஞ்சுக்குழி உள்வாங்குவது, கழுத்தைப் பின்னால் மடித்து வைத்துத் தூங்குவது, ஃபேன் ஓடும்போதும் தலை வியர்ப்பது, வாய் திறந்தே இருப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது. கோலி என்கிற நம் ஒற்றை அறை வீட்டில் எல்லோரும் சேர்ந்து படுப்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். இந்த விஷயத்தில் அது உங்கள் பலம். தனி அறையில் பிள்ளையைப் படுக்கவைக்கிற வீட்டில் இதைப் பார்க்க ஆளே இல்லை.

பார்த்ததை மொபைலில் பிடியுங்கள். சட்டையைக் கழற்றி, நெஞ்சும் முகமும் தெரிய, லைட் போட்டு, இரண்டு மூன்று நிமிடம், சத்தத்தோடு. விடியற்காலையில் எடுத்தால் நல்லது, கனவு வரும் தூக்கம் அப்போதுதான் அதிகம், தசை மிகவும் தளர்வதும் அப்போதுதான். ஓபிடியில் கேஸ் பேப்பரோடு நிற்கும் உங்களுக்கு டாக்டரிடம் கிடைப்பது சில நிமிடம். "குறட்டை விடுறான்" என்று சொன்னால் மூக்கில் போட ஒரு சொட்டு மருந்து எழுதித் தருவார். அந்த வீடியோவைக் காட்டினால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் மீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். எண் இறங்கினால் தகவல்தான். இறங்காவிட்டால் நிம்மதி என்று அர்த்தமில்லை. பெரியவர் விரலுக்குச் செய்த கிளிப் சின்ன விரலில் ஒழுங்காக நிற்பதும் இல்லை.

சரியான சோதனை, ராத்திரி முழுக்கச் செய்யும் தூக்கப் பரிசோதனை. தலை, நெஞ்சு, மூக்கு, கால் எங்கும் ஒயர் ஒட்டுவார்கள். கூட ஒருவர் படுக்கலாம். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்று ஒரு எண் வரும். பிள்ளைகளுக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், பத்தைத் தாண்டினால் கடுமை. அதைவிட முக்கியமாக இன்னொன்றை அந்தச் சோதனை பிரித்துச் சொல்லும்: தொண்டை அடைக்கிறதா, அல்லது மூச்சு விடு என்ற கட்டளையே மூளையிலிருந்து வரவில்லையா. இரண்டாவது வகைக்குக் கத்தியால் பயனில்லை. தசை நோய் உள்ள சில பிள்ளைகள் குறட்டையே விடமாட்டார்கள். மூச்சு ஆழம் குறைந்துகொண்டே போகும். அதனால் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே சொல்லிவிட்டது: டவுன் சிண்ட்ரோம், நரம்புத்தசைக் கோளாறு, முக எலும்புக் குறை உள்ள பிள்ளைகளுக்கு டான்சில் எடுக்கும் முன் இந்தச் சோதனை வேண்டும். டவுன் சிண்ட்ரோம் என்றால் குறட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்கு வயதுக்குள் ஒருமுறை செய்துவிடுங்கள் என்பது அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டல். நம் ஊரில் இந்தச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், தனியாரில் பணம் பிடுங்கும், ஒயரைப் பிள்ளை பிய்த்துப் போடும். எல்லாம் தெரியும். அப்படியும் கேளுங்கள். "முடியாது" என்ற பதிலையாவது கேஸ் பேப்பரில் எழுதி வாங்குங்கள்.

இனி ஆபரேஷன். நான் சர்ஜன் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளைக் கையில் வாங்குகிறவள், அந்த அளவுக்குத்தான் சொல்கிறேன்.

குழந்தைகளுக்கும் இந்த மூச்சடைப்பு வரும் என்று எட்டுப் பிள்ளைகளை வைத்து கில்லெமினோ என்கிற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 1976-ல் எழுதினார்கள். அதற்கு இன்று முதல் வைத்தியம் டான்சிலையும் அடினாய்டையும் சேர்த்து எடுப்பது. பலன் எவ்வளவு என்று அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு செய்து 2013-ல் வெளியிட்டார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள 464 பிள்ளைகள். ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 79 பேருக்குத் தூக்கப் பரிசோதனை இயல்புக்கு வந்திருந்தது. செய்யாமல் காத்திருந்தவர்களிலும் 46 பேருக்கு வந்திருந்தது. உங்களிடம் யாராவது "எண்பது சதவீதம் சரியாகிவிடும்" என்று சொன்னால் அந்த எண் வந்த இடம் இதுதான். ஆனால் அந்த 464 பேர் மற்றபடி ஆரோக்கியமான பிள்ளைகள். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் சுமார் பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் அடைப்பு ஓரளவு மிஞ்சுகிறது. சிபியிலும் அப்படித்தான்: டான்சிலை எடுக்கலாம், தொண்டையின் தொய்வை எடுக்க முடியாது.

அப்படியானால் எதற்குச் செய்ய வேண்டும் என்கிறீர்களா? மணிக்கு இருபது தடவை நின்ற மூச்சு ஐந்து தடவை நிற்பது அந்தப் பிள்ளைக்கு வேறு ஒரு வாழ்க்கை. முகத்தில் வெளிச்சம் வரும், கவனம் நிற்கும், சிலருக்கு ஃபிட்ஸும் குறையும். கழுத்து நிற்காத பிள்ளை ஆபரேஷன் முடிந்ததும் எழுந்து நடக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அப்படி யாராவது ஆசை காட்டினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். நன்றாகத் தூங்கிய பிள்ளையோடு தெரபி செய்வது எப்படி இருக்கும் என்பதை நான் கைகளால் அறிவேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை கேளுங்கள். மிச்சம் இருந்தால் எங்கே அடைக்கிறது என்று தேட வேண்டும். லேசாக மயக்கம் கொடுத்து, தூக்கத்தைப் போலவே தளரவிட்டு, மூக்கு வழியாகக் கேமராவை இறக்கிப் பார்ப்பார்கள். குரல்வளைக்கு மேலே உள்ள தொளதொளத்த திசு உள்ளே இழுபட்டால் அதைச் சீராக்குவார்கள். நாக்கின் அடிப்பகுதி விழுந்தால் அதை முன்னால் இழுத்துப் பிடிக்க வழி உண்டு. தாடை மிகச் சிறியதாக இருந்தால் எலும்பை வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவார்கள். இவையெல்லாம் எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பவை அல்ல. பரேலில் 1929-லிருந்து இருக்கும் வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரி, கேஇஎம், நம் சயான் போன்ற பெரிய இடங்களில் குழந்தை டாக்டர், காதுமூக்கு டாக்டர், மயக்க டாக்டர் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் அங்கே கேட்பது நல்லது.

கத்தி வேண்டாம் என்றால் மாஸ்க் உண்டு. ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துச் செய்து 1981-ல் வெளியிட்ட யோசனை அது: காற்றை மெல்ல அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைப்பது. சில பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். எச்சில் வழிகிற, தலையை ஆட்டுகிற, வாந்தி வந்தால் தானாக மாஸ்க்கைத் தள்ளக் கை வராத பிள்ளைக்கு அதை மாட்டிவிட்டு நீங்கள் தூங்க முடியாது. அமெரிக்காவில் நாக்கு நரம்புக்கு மின்தூண்டல் தரும் கருவியை 13-லிருந்து 18 வயதுள்ள டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு 2023-ல் அனுமதித்திருக்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் அந்த வீடியோவை எனக்கு அனுப்பியவர்களே, நம் பக்கம் அது வந்து சேரும்வரை டான்சிலைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசி வழி கழுத்தில் துளை. ட்ராக்கியாஸ்டமி என்றதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். ஒரு விஷயத்தை நேராகச் சொல்கிறேன்: தொண்டையில் அடைப்பு எங்கே இருந்தாலும் அதைத் தாண்டிப் போகிற ஒரே வழி இதுதான், கடுமையான சில பிள்ளைகளுக்கு உயிரைக் காத்ததும் இதுதான். ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் முடிகிற வேலை இல்லை. குழாயில் சளி கட்டினால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சும் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் காலால் மிதிக்கிற மெஷினோ பேட்டரியோ வேண்டும். கீழே தோல் பட்டறை, மேலே தையல் மெஷின், பக்கத்தில் இட்லி வேகும் புகை, இதற்கு நடுவில் கோலி. ராத்திரி விழித்திருக்க இன்னொரு ஆள் யார்? அம்மா மட்டும் என்றால் ஆறு மாதத்தில் அம்மா படுத்துவிடுவார். இந்தக் கேள்விகளை டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். குழாயை மாற்றவும் சளி எடுக்கவும் வீட்டில் இரண்டு பேருக்குக் கைப்பழக்கம் வரும்வரை டிஸ்சார்ஜ் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று முடிவெடுக்கவும் உரிமை உண்டு. அப்படி முடிவெடுத்த அம்மாவை யாரும் குத்திக்காட்டக் கூடாது.

சண்முகானந்தா ஹால் பக்கம் குடியிருக்கும் ஒரு தாத்தா என்னிடம் கேட்டார்: "பேத்தி பேச்சு வராட்டாலும் ராகத்தை முணுமுணுப்பாள் அம்மா, டான்சில் எடுத்தா குரல் போயிடுமா?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டான்சில் குரல்நாண் இருக்கும் இடத்தில் இல்லை, அதனால் குரல் போகாது. அடினாய்டு விஷயத்தில் தாத்தாவின் பயம் பாதி சரி. அண்ணத் தசை பலவீனமான பிள்ளைக்கு, மூக்குக்கும் வாய்க்கும் நடுவே கதவு சாத்த அந்தச் சதையும் துணை செய்துகொண்டிருக்கும். முழுக்க எடுத்துவிட்டால் பேச்சு மூக்கால் வரலாம், குடித்த தண்ணீர் மூக்கில் ஏறலாம். அதனால் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விட்டுவைத்து எடுப்பார்கள். சர்ஜனிடம் இதைக் கேளுங்கள்.

இன்னும் சில விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் மறக்காதீர்கள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளும் சேரும் இடம் இளகலாக இருக்கும்; மயக்கத்தில் தலையை வளைக்கும்போது கவனம் வேண்டும் என்று மயக்க டாக்டருக்கு நீங்களும் நினைவூட்டுங்கள். ஃபிட்ஸ் மாத்திரையை ஆபரேஷன் அன்று காலையில் கொடுப்பதா வேண்டாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி பிள்ளை ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் மானிட்டரோடு இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு டான்சில் எடுத்து அன்றே வீட்டுக்கு என்ற பேச்சே கூடாது. ஐசியு படுக்கை அன்றைக்குக் காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தியேட்டருக்கு அனுப்ப வேண்டும். வலிக்குக் கோடீன் வேண்டாம்: சிலருடைய உடம்பு அதை வேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சையே நிறுத்திவிடும். டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2013-ல் எச்சரித்தது, 2017-ல் டிரமடாலையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அதேபோல் ஈஈஜி, எம்ஆர்ஐ எடுக்கப் பிள்ளையைத் தூங்கவைக்க ட்ரைக்ளோஃபாஸ் சிரப் தருவார்கள் இல்லையா, அதைக் குடிக்கக் கொடுக்கும் முன் "இவனுக்கு ராத்திரி மூச்சு நிற்கும்" என்று சொல்லிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஒரு பெரிய ஆபத்து நம் பழக்கத்திலேயே இருக்கிறது. ஆபரேஷன் முடிந்தது, ஸ்கூலுக்கும் லீவ், ஊருக்குப் போய் ஓய்வெடுக்கலாம் என்று திருநெல்வேலிக்கு டிக்கெட் போட்டுவிடுகிறீர்கள். டான்சில் புண்ணின் பொருக்கு உதிர்வது ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள். ரத்தம் வருவதாக இருந்தால் அப்போதுதான் வரும். ஒன்றரை நாள் ரயிலில், நடுவழியில், வாயில் ரத்தத்தோடு விழுங்கத் தெரியாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? இரண்டு வாரம் மும்பையை விட்டு நகராதீர்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை தண்ணீரை மறுக்கும். மூத்திரம் குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலும் போங்கள், உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

பணத்துக்கு: சிபி, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் வரை உண்டு. ஊனச் சான்றிதழ் கையில் இருந்தும் அதில் சேராமல் இருப்பவர்கள் உங்களில் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரிந்தால் நான் இன்னும் கோபப்படுவேன். மகாராஷ்டிர அரசின் ஜோதிராவ் புலே திட்டத்தில் இந்த ஆபரேஷன் வருமா என்று ஆஸ்பத்திரியில் உள்ள அதன் கவுன்டரில் கேளுங்கள். தாராவியில் இருப்பவர்கள் சோட்டா சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கிச் சீட்டு வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

அடுத்த முறை தெரபிக்கு வரும்போது வீடியோவோடு வாருங்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்து, டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று இந்தியிலோ மராத்தியிலோ ஒரு தாளில் நானே எழுதித் தருகிறேன். எச்சில் வழிகிறதே, படுக்கை அழுக்காக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்; மூச்சுதான் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிசியோதெரபிஸ்ட்,
கிங்ஸ் சர்க்கிள், மும்பை